அட்டையில் இருந்த பெயர்

“கமலாதேவி எண்டு கூப்பிட்டா நான் எழும்புறன். நீங்கள் அசையாதேங்கோ.”

திருகோணமலையில் ஒரு கிளினிக்கின் நீள வாங்கில், எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன்னோடு வந்தவரிடம் இப்படிச் சொன்னாள். அவருக்கு அடர்ந்த மீசை.

“சண்டையில பட்ட செல் துண்டு கிடக்கிறது என்ட முதுகிலயல்லோ?” என்றார் அவர்.

“உங்கட அடையாள அட்டையில இன்னும் அந்தப் பழைய பொம்பிளைப் பேர்தானே. இயக்கத்தில சண்டை பிடிச்ச பிள்ளை நீங்கள்தான் எண்டு தெரிஞ்சா விசாரிக்க வருவாங்கள். அதுக்குப் பயந்துதானே எங்கட ஊர் கிளிவெட்டியில டொக்டரிட்டக் காட்டாமல் இங்க வந்தனாங்கள்.”

பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போனாள். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சீட்டு இருந்தது. “கால் விறைக்குது எண்டும் சொன்னனான். இப்பவே எக்ஸ்ரே எடுக்கோணுமாம். விட்டா நடக்க ஏலாமப் போயிடுமாம். என்ட முதுகில என்னத்தைக் காட்டுறது?”

“வீட்டை போவம்.”

“ஏலாது.”

எக்ஸ்ரே அறை வாசலில் நின்று தாதி கமலாதேவியைக் கூப்பிட்டாள். இருவரும் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“நான்தான்,” என்றார். “இவ நான் கட்டின மனிசி. இவவும் உள்ளுக்கு வரலாமோ?”