உதட்டுக்குப் பொருந்துன பாட்டு

...ஐயோ, எடுத்துப் பேசுங்க சார்! எனக்காகவா கட் பண்ணீங்க? நான் மூஞ்சியச் சுளிச்சது உங்களப் பாத்து இல்ல, அந்த ரிங்டோனக் கேட்டு. 'உப்பும் இல்லம்மா... பருப்பும் வேகலம்மா...' த்தூ! பஸ்ல ஏறி முக்கா மணி நேரம் ஆகல, இது மூணாவது போன். டிரைவர் வேற ஹாரன அதே தாளத்துல அடிக்கிறாரு. நான் எங்க போய் முட்டிக்க?

கொஞ்சம் நகந்துக்கறேன், பைய மடியில வெச்சுக்கறேன். உக்காருங்க, நல்லா உக்காருங்க. என் வீட்டுக்காரி பத்து நாளா அவ அக்கா வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளான்னு தெரியல. எல்லாம் இந்தப் பாட்டாலதான்னு சொன்னா நம்புவீங்களா?

படம் பாத்தீங்களா? பாக்கலியா? புண்ணியவான்! போன்ல முப்பது செகண்டு பாத்தீங்களா... அது போதும். படமே அந்த முப்பது செகண்டுக்குத்தான் எடுக்கறாங்க. இந்த இந்திப் படக்காரங்களுக்கு என்னதான் சார் ஆச்சு? ஹீரோவுக்கு அம்பத்திரண்டு வயசு, காலேஜ் பையனாம். ஹீரோயினு அவரு பொண்ணு கூடப் படிச்சிருக்கும். சுத்தி முழங்கால் அளவுக்குப் பனி. அந்தப் பொண்ணு கொசுவல மாதிரி ஒரு சேலையக் கட்டிக்கிட்டு நிக்குது, இவரு சட்டையக் கழட்டறாரு! ஒருத்தருக்காச்சும் ஒரு தும்மல் வரணுமே? ம்ஹூம். எங்கிருந்தோ முன்னூறு பேரு ஓடி வந்து ஆடிட்டு, கேக்காம கொள்ளாம ஓடிப் போயிருவாங்க.

பாட்டா அது? ஒரே வரி, பதினாறு தடவ! எண்ணிப் பாத்துட்டேன். மொதல்ல காய்ச்சக்காரன் மாதிரி முனகறான். அப்புறம் டமடமன்னு ஒரே அடி. நடுவுல ஒருத்தன் வந்து மூச்சு விடாம யாரையோ திட்டறான், கேட்டா ராப்பாம். மெட்டாச்சும் புதுசா? அதுவும் அவங்க அப்பன் காலத்துப் பாட்ட எடுத்து மறுபடி சூடு பண்ணது...

என்ன? எப்படி இவ்வளவு வெவரமா சொல்றேனா? அதத் தமிழ்ல எழுதறதே நான்தானே சார்.

சிரிக்காதீங்க. இந்திப் படம் தமிழ்ல டப் ஆகி வருதில்ல, அதுக்குப் பாட்டெழுதறதுதான் பொழப்பு. பதினோரு வருஷமா. சும்மா இல்ல சார் அது. ஸ்கிரீன்ல அவன் உதடு மூடற எடத்துல நம்ம எழுத்தும் மூடணும். 'ப', 'ம'... சொல்லிப் பாருங்க... ஆங், உதடு ஒட்டுதா? அந்த எடத்துல நான் பாட்டுக்கு 'காதலே'ன்னு எழுதிட்டா வாய் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். அதனால மொதல்ல டம்மியா ஒரு வரி போட்டு அளவு பாத்துக்குவோம். அர்த்தம் வேணாம், உதடு ஒட்டினா போதும். அப்புறமா உக்காந்து ஒழுங்கான வரி எழுதணும்.

இந்தப் பாட்டுக்கு உக்காந்த அன்னிக்கு மத்தியானம் தட்டுல சாப்பாடு. பருப்பு கல்லு கல்லா இருக்கு, உப்புங்கற பேச்சே இல்ல. ஒரு வாய் வெச்சேன், டம்மி வரி வந்து விழுந்துருச்சு. அந்த ஹீரோ உதட்டுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி! அந்த ஆளு பனியில மண்டி போட்டு, அவ கன்னத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உருகறான் சார்... உருகி என்ன கேக்கறான்? உப்பு!

இப்ப ஊரே பாடுது. என் வீட்டுக்காரி ஸ்கூல்ல இந்தி டீச்சர். கிளாஸுக்குள்ள காலெடுத்து வெச்சா நாப்பது பிள்ளைங்களும் கோரஸா பாடுதாம். டீச்சருங்க ரூம்ல டிபன் டப்பாவத் தெறந்தா, 'இன்னிக்காச்சும் வெந்துச்சா டீச்சர்?'ங்கறாங்களாம். எழுதினது அவ புருஷன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே! ஸ்டுடியோவுல தாள் மாறிப் போச்சு, டம்மியையே பாடிட்டாங்கன்னு சொன்னேன். அவ பெட்டிய எடுத்தா, போயிட்டா. திட்டியிருந்தாக் கூடத் தேவலாம்.

எனக்கு இந்தி தெரியுமாவா? நல்லா கேட்டீங்க! ஒரு எழுத்து தெரியாது. அவதான் ஒவ்வொரு வரியா அர்த்தம் சொல்லுவா, நான் எழுதிப் பேரு வாங்கிக்குவேன். நேத்து புதுசா ஒரு பாட்டு வந்திருக்கு. ஹீரோ கண்ணாடி முன்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழறான். காதலிக்கா, அம்மாவுக்கா, செத்துப்போன நாய்க்கா? சொல்ல ஆளில்ல. அந்த வேலைக்காகத்தான் கூப்பிடப் போறேன்னு நெனைக்காதீங்க. சரி, கொஞ்சம் அதுக்கும்தான். ஆனா வீடு வெறிச்சோடிக் கெடக்கு சார், உள்ள நொழையவே முடியல.

என்னது? ஒழுங்கான வரின்னு ஒண்ணு எழுதவே இல்லியாவா?

...இருந்துச்சு. விடுங்க. அது எதுக்கு இப்ப... இறங்கற எடம் வந்துருச்சா? இல்லியா? சரி, முன்னப்பின்னத் தெரியாத ஆளுகிட்டதான் இதெல்லாம் சொல்ல முடியும். தாளும் மாறல, ஒண்ணும் மாறல. பாடறவரு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, ரெண்டு தாளையும் தூக்கிக் காட்டி, 'அண்ணே, எது?'ன்னு கேட்டாரு. நான்தான் பருப்பக் காட்டினேன். தயாரிப்பாளர் விழுந்து விழுந்து சிரிச்சாரு, இதான் ஹிட்டுன்னாரு. நானும் சேந்து சிரிச்சேன்.

இன்னொரு தாளு அவளோடது. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவ கேட்டா சார், 'நான் ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமா'ன்னு. அன்னிக்குக் காலையில அடுப்புல பருப்பு வெந்துச்சா, உப்பு போட்டமாங்கறதையும் மறந்துட்டு எழுதிக்கிட்டு இருந்தா. ஒரே வரிதான். 'பனி பெய்யட்டும்... உன் பேரு மட்டும் என் வாயில சூடா இருக்கு.' ஒவ்வொரு எடத்துலயும் உதடு அப்படியே ஒட்டுது.

நல்லாருக்கு இல்ல?

ஆங். எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு. அதான் குடுக்கல.