அல்வாலுக்குப் போகாத கடிதம்

அல்வாலில் வீடு கண்டுபிடிப்பது சிரமம். கதவிலக்கத்தைவிடத் தண்ணீர் டேங்க்தான் அங்கே வழி சொல்லும். விசாரணைக்கு வந்த நீங்களும் அலைந்திருப்பீர்கள்.

என் பெயர் தியோடர். நாச்சாரத்தில், கம்பெனிகளுக்காக மொத்தமாகத் தபால் அனுப்பும் நிறுவனத்தில் வேலை. சேராமல் திரும்பி வரும் தபாலைக் குறைப்பது என் பொறுப்பு. அதில் நான் கெட்டிக்காரன்.

போன மழைக்காலத்தில் ஒரு கேஸ் கீசர் கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த மாடலில் கோளாறு, மூடிய குளியலறையில் விஷவாயு தங்கிவிடும், உடனே நிறுத்துங்கள் என்று. இரண்டு சுற்று அனுப்ப வேண்டும். முதல் சுற்றில் திரும்பியவர்களுக்குப் புது முகவரி தேடி மறுபடி அனுப்புவதுதான் முறை. அதுவும் திரும்பினால் என் தலைதான் உருளும். அதனால் அந்தப் பெயர்களையே நீக்கிவிட்டேன். இரண்டாம் சுற்றில் அநேகமாக எதுவும் திரும்பவில்லை. மேலாளர் வித்யாலட்சுமி கேக் வெட்டினார்.

நீக்கியவர்களில் தேவசகாயமும் ஒருவர். எங்கள் சபைக்காரர். பழைய வீட்டுக்குப் போன கடிதம், வேறிடம் போய்விட்டார் என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. அல்வாலில் அவருடைய புது வீடு எனக்குத் தெரியும். குடிபோனபோது நடந்த வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். அந்த கீசரை மாடிக்கு ஏற்றியதே நாங்கள் இருவரும்தான். ஆனால் அந்தத் தெருவுக்கு இன்னும் கதவிலக்கம் கொடுக்கவில்லை. கடிதம் நிச்சயம் திரும்பியிருக்கும்.

கேக் வெட்டிய அந்த வாரத்து ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவரே வந்தார்.

"என்ன அண்ணே, வீட்டுப் பக்கமே வர்றதில்ல?"

இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கும் அவர் மகள் எமி பக்கத்தில் நின்றாள். வேலை அதிகம் என்றேன். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் நிறுவன விதி. நான் விதியை மீறியதில்லை.

அடுத்த வாரம் குளிக்கப் போன எமி வெளியே வரவில்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். அடக்க ஆராதனையில் நான் உண்மையாகவே அழுதேன். தேவசகாயம் என் தோளில் சாய்ந்துகொண்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன் ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே அண்ணே."

போட்டிருக்கலாம் என்றேன்.

நீக்கிய மற்றவர்கள் யார் என்று கேட்கிறீர்கள். திரும்பிய உறைகளை அரைக்கக் கொடுத்தாயிற்று. எல்லாம் சேர்ந்துவிட்டதாகக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர்கள் நினைவில்லை. அந்த வீடுகளில் இன்றும் வெந்நீர் வந்துகொண்டிருக்கும்.

எமியின் நினைவு ஆராதனை அழைப்புகளை அனுப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அனுப்பினேன். டேங்குக்குப் பின்னால், மாவு மில்லுக்கு எதிரே, பச்சை கேட் என்று அந்தந்த வீட்டின் அடையாளத்தை ஒவ்வொரு உறையிலும் என் கையாலேயே எழுதினேன். தபால்காரரை விசாரித்துப் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.