பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு

"ஹலோ… ஹலோ… லேபுங்களா?… ஆமா, ஆமா, ரெண்டாவது மாடி ஆராய்ச்சி லேப்தான்… இல்லைங்க, ரிப்போர்ட் வாங்கறதுக்கு இல்ல… சாயம் போடற மேடம் இருக்காங்களா?… எந்த மேடமா? இருட்டு ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பாங்களே, அவங்கதான்… லிஃப்ட்காரர்னு சொல்லுங்க, தெரியும்… ஆமா, லிஃப்ட். மேல போய்க் கீழ வருமே, அதே லிஃப்ட்தான்… இருக்கேன், இருக்கேன். மெதுவா கூப்பிடுங்க."

அவர் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த டம்ளரை மேசைமேல் வைத்தார். முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காத்திருப்பதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறியவர்களைப் பேச்சுக் கொடுத்தே அமைதியாக உட்காரவைத்த ஆள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. பால்காரர்கூட ஒருநாள் தவறுவார், இந்த ஃபோன் தவறியதில்லை.

"யாரு, நீயாம்மா? நான்தான்… செவ்வாய்க்கிழமை ஆச்சே, வேற யார் கூப்பிடப் போறா… சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீ?… பதினொன்றரைக்கு இன்னும் சாப்பிடலயா. நல்லா இருக்கும்மா உங்க கூத்து… ம்… ம்… சரி, உங்க பில்டிங் லிஃப்ட் என்ன ஆச்சு?… இன்னும் டொக்குனு சத்தம் வருதா? கதவு மூடறப்பவா, மூடினப்புறமா?… அப்ப கதவு உருளற ரோலர்தான். போன மாசமே சொன்னேனே, தேஞ்சிருக்குன்னு… ஆமா, ஆமா, ரிட்டையர் ஆனவன் சொன்னா எவன் கேக்கறான்… சரி, அத விடு. எங்க வீட்டம்மா எப்படி இருக்கா?"

பக்கத்தில் யாராவது இருந்து கேட்டிருந்தால், பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் மனைவியை விசாரிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் மனைவி இறந்து பதினாலு மாதம் ஆகிறது. என்ன காரணம் என்று திறந்து பார்த்த மருத்துவர்கள், உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே அவள் இதயத்தைத் தாக்கியிருக்கின்றன என்றார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்று ஆராய்வதற்காக இதயத்தில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் ஏதோ காகிதத்துக்காக அந்த நம்பரைக் கூப்பிட்டபோது இந்தப் பெண் எடுத்தாள். அந்தத் துண்டை மெழுகுக்கட்டியில் புதைத்துச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிறவள் அவள்தான். அன்றிலிருந்து இவர் கேட்பதும் அவள் சொல்வதுமாகப் பழகிவிட்டது.

"என்னம்மா, பேச்சையே காணோம்… லைன்ல இருக்கியா?… ம்… கடைசியா? என்ன கடைசி?… ஓ… மெழுகுக்கட்டி தீந்துபோச்சா… இனிமே சீவறதுக்கு ஒண்ணுமே இல்லையா… இல்லம்மா, இல்ல, நீ எதுக்கு சாரி சொல்ற. தீராம இருக்குமா? நகம் அளவுதானே. பதினாலு மாசம் ஓட்டினதே பெருசு. அவ எப்பவுமே சிக்கனம்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை ஸ்லைடு ஆச்சு மொத்தம்?… நூத்தி பன்னெண்டா. அடேங்கப்பா… தெரியும்மா, நீ சொல்லிக்குடுத்ததுதானே. வேணும்னா ஒப்பிக்கட்டுமா? மெழுகுல புதைச்சு, தலைமுடிய விட மெல்லிசா சீவி, கண்ணாடில ஒட்டி, அப்புறம் அந்த மருந்த விடுவ… ஆமா, ஆமா, ஆன்டிபாடி. கூட்டத்துல ஒருத்தன மட்டும் தேடிப்போய்ப் பிடிக்கிற ஆளு. அவன் முதுகுல இன்னொருத்தன் விளக்கோட ஏறி உக்காந்துக்குவான். கழுவி விட்டா சும்மா வேடிக்கை பாக்க வந்தவன்லாம் போயிடுவான், பிடிச்சவன் மட்டும் நிப்பான். இருட்டுல வச்சு ஒளிய அடிச்சா அவன் பளிச்சுனு தெரிவான்… சரியா?… பாஸா? அப்பாடா. பள்ளிக்கூடத்துல ஒரு தடவகூட என்ன பாஸுன்னு சொன்னதில்ல."

அந்தப் பக்கம் அவள் சிரித்திருக்க வேண்டும். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பதிமூணு மாதமாக அவர் எதையெதையோ கேட்டிருக்கிறார். சாயம் எங்கிருந்து வருகிறது, ஒளி ஏன் நாளாக ஆக மங்குகிறது, இருட்டிலேயே இருந்தால் கண் கெடாதா என்பது வரைக்கும் கேட்டாயிற்று. கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இன்னும் ஸ்லைடு இருக்கிறது, இன்னும் பார்க்கிறார்கள், அவசரமில்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். உண்மையைச் சொன்னால், பதில் தெரிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். இப்போது தள்ளிப் போட மிச்சம் ஒன்றும் இல்லை.

"ஏம்மா… ஒண்ணு கேக்கட்டா?… இல்ல இல்ல, லிஃப்ட் இல்ல. அவளப் பத்தித்தான்… உங்க ஸ்லைடுல நேரம் தெரியுமா?… நேரம்னா… அந்த வியாதி எப்ப ஆரம்பிச்சதுன்னு… அன்னிக்குத்தான் வந்துதா, இல்ல முன்னாடியேவான்னு… எதுக்குன்னா… சொல்றேன், சொல்றேன், இரு."

அவர் மேசைமேல் இருந்த டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு அதையே பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குன்னாம்மா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு, காலைல டாக்டர்கிட்ட போலாம்னேன்… சுடுதண்ணி நான்தான் வச்சுக் குடுத்தேன்… சரின்னு குடிச்சிட்டுப் படுத்தா… காலைல… அவ்வளவுதான்… யாருக்கும் தெரியாதும்மா. பையனுக்குக்கூட. அவன்கிட்ட, தூக்கத்துலயே போயிட்டா, ஒண்ணுமே சொல்லலன்னு சொல்லிட்டேன்… பொய்தான். பொய்தாம்மா."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினாலு மாதமாகச் சுமந்தது இவ்வளவு சின்னதா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"டாக்டர்கிட்ட கேளுங்கன்னு மட்டும் சொல்லிடாதம்மா. அவர்கிட்ட கேட்டா இங்கிலீஷ்ல ஆறுதல் சொல்லுவார். எனக்கு ஆறுதல் வேணாம். நீ பாக்கறவ, நீ சொல்லு… நீ டாக்டர் இல்லன்னு தெரியும்… யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்… சரி, சரி, உனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லு. அந்த சாயங்காலமே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாளா? அதான் கேள்வி… கேக்கறேன்… ம்… ம்… நிதானமா சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோளாறான லிஃப்டைப் பார்க்கப் போகிற இடத்திலும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"பச்சை வந்து… தாக்க வந்தவங்க. சரி… நீலம் எல்லா அணுலயும் இருக்கும், அத விட்டுடலாம்… சிவப்புன்னா?… தழும்பா. காயம் ஆறினா வருமே, அந்தத் தழும்பா… ஆமா, புரியுது. புதுசா அடிச்சிருந்தா பச்சை மட்டும் இருக்கும். தழும்பு விழ நேரம் ஆகும்… ஆமா… ஒரு ராத்திரில வராது… அவளுக்கு?… ரெண்டும் இருக்கா… பச்சைக்குப் பக்கத்துல சிவப்பு… ஒரு எடத்துலயா?… எல்லா ஸ்லைடுலயுமா. நூத்திப் பன்னெண்டுலயுமா… அப்ப எத்தனை நாள் ஆகியிருக்கும், ஒரு வாரமா?… மாசமா… எத்தனை மாசம்?… தோராயமா சொல்லு… ஆறா… அதுக்கு மேலயும் இருக்கலாம்."

அவர் கண்ணைத் திறந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப… அந்த சாயங்காலம்… நான் குடுத்த சுடுதண்ணி… இல்ல, சொல்லு… ம்… அன்னிக்குக் கூட்டிட்டு வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது… நிச்சயமா சொல்ல முடியாது, ஆனா கஷ்டம்தான்… சரி… சரிம்மா… இல்ல, நல்லா இருக்கேன். இரு, ஒரு நிமிஷம் இரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கறேன்."

தண்ணீர் உள்ளே இறங்கியது. அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. நான் கொல்லவில்லை என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தில் யாரோ போர்வையை உதறிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. இந்தச் செய்தியை முதலில் மனைவியிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"அம்மா… இருக்கியா?… இன்னும் ஒண்ணே ஒண்ணு… ஆறு மாசமா உள்ள அப்படி நடந்திருந்தா, அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?… இல்ல, வியாதின்னு தெரியாது, சரி. ஆனா எப்படி இருந்திருக்கும் அவளுக்கு?… ம்… மூச்சு வாங்கும்… மாடி ஏறினா… ஆமா… சொல்லு, சொல்லு… மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும்… தலையத் தூக்கி வச்சுப் படுக்கணும்… ஓ."

அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற சத்தம் ஃபோனுக்குள் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இருக்கேம்மா, இருக்கேன்… எங்க வீடு மூணாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பாத்தவன் வீட்ல லிஃப்ட் கிடையாது… ரெண்டாவது மாடி திருப்பத்துல ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு. தண்ணித் தொட்டி கழுவற நாள், குப்பை எடுக்கற நேரம், அவ்வளவுதான் போட்டிருக்கும். வருஷக்கணக்கா மாத்தல. அவ ஏறி வரும்போதெல்லாம் அத நின்னு படிப்பா… ஆமா, தினமும். நான் பையத் தூக்கிட்டு மேல நிப்பேன். என்ன, பரீட்சைக்குப் படிக்கறியா, கேள்வி கேக்கட்டுமான்னு கத்துவேன். சிரிப்பா… வெறும் சிரிப்புதாம்மா. பதில் சொன்னதே இல்ல. நான் என் ஜோக்குக்கு சிரிக்கறான்னு நினைச்சேன்… மூச்சு இல்ல அவளுக்கு. பேச மூச்சு இல்லாம சிரிச்சிருக்கா."

அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்புறம் தலகாணி… ரெண்டு தலகாணி வச்சுப் படுக்க ஆரம்பிச்சா. ஏன்னு கேட்டேன். கழுத்து வலின்னா. பாவமேன்னு என் தலகாணியும் எடுத்துக் குடுத்தேன். மூணு ஆச்சு… என்னை நானே நல்ல புருஷன்னு நினைச்சுக்கிட்டேன்… ஏன் சொல்லல எங்கிட்ட? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?… தெரியல. பயப்படுவேன்னு நினைச்சாளோ, இல்ல சொன்னாலும் வாயுன்னுதான் சொல்லுவேன்னு நினைச்சாளோ… நீ சொல்றது சரிதான், அவளுக்கே புரியாம இருந்திருக்கலாம்… இருக்கலாம்… ஆனா ஆறு மாசம்மா. ஒரே கட்டில்லதானே படுத்தோம்."

எதிர்க் கட்டிடத்துப் போர்வையை மடித்து உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அவர் அந்த வெறும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா… நீ அழுது என்ன ஆகப் போகுது. நீ நல்லதுதான் பண்ண. கேட்டேன், சொன்ன. பதிமூணு மாசமா எத்தனை வேலைக்கு நடுவுல என்கூடப் பேசியிருக்க, என் பையன்கூட இவ்வளவு பேசினதில்ல… வீட்லயா? இப்பவா?… இருக்காங்க, இருக்காங்க. பையன் வந்திருக்கான்… ஆமா, நேத்துதான். மருமகளும் வந்திருக்கா. சமையல் ரூம்ல இருக்கா… குடுக்கணுமா? இல்லம்மா, கையில வேலையா இருக்கா, அப்புறம் பேசு."

மகன் வேறு நாட்டில் இருந்தான். சமையலறையில் அவர் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டும் ஒரு கரண்டியும் காய்ந்துகொண்டிருந்தன.

"இல்ல இல்ல, தனியா இல்ல. நீ ஒண்ணும் கவலப்படாத… அடுத்த மாசம் செவ்வாயா? ஸ்லைடுதான் தீந்துபோச்சேம்மா, என்னன்னு கூப்பிடறது… சும்மாவா… பாப்போம். பாப்போம்மா… நீ சாப்பிடப் போ, நேரமாச்சு… என்னது?… குரலா? குரலுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு… ஓ, அதுவா. ஃபோன இடுக்கிக்கிட்டே பேசறேன்ல… கழுத்து வலிம்மா, அதான். வேற ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்லம்மா. வச்சிடறேன்."