பாட்டுக்கு அடியில் கிடந்த குரல்

தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வெயிலென்றும் பாராமல் இந்தச் சனசமூக நிலையத்துக்கு வந்திருக்கும் உறவுகளே,

அமரர் பஞ்சலிங்கம் அண்ணையைப் புகழுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "பஞ்சலிங்கத்திட்டைக் கசெற்றைக் குடுத்தால் படம் திரும்பி வராது" என்று ஒன்பது வருடமாகப் பண்டத்தரிப்புச் சந்தியில் கதை பரப்பியவன் நான்தான். இருவருக்கும் ஒரே வீடியோத் தொழில். அவருடைய கடையில் சனம்; என்னுடைய கடையில் இலையான்தான் மொய்த்தது. வேறென்ன செய்ய? சிரிக்க வேண்டாம், செந்தூரன். அதை மானிப்பாய் வரை கொண்டுபோனது நீர்.

அந்த மனிதர் என்னைக் காப்பாற்றிய கதையைச் சொல்லத்தான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.

போன ஆவணியில், ஒரு திங்கட்கிழமை, அளவெட்டியிலிருந்து தயாளினி ஒரு சின்னக் கசெற்றோடு வந்தார். அவருடைய சித்தியின் கலியாணம், இரண்டாயிரத்து ஐந்தில் நான் எடுத்தது. மறுவருடமே தயாளினியின் தகப்பன் நமசிவாயம் மாஸ்டர் நெஞ்சுவலியில் போய்விட்டார். தயாளினிக்கு அப்போது மூன்று வயது.

"அப்பாவின்ரை போட்டோ வீட்டிலை இருக்கு, அங்கிள். குரல்தான் தெரியாது. வெள்ளிக்கிழமை எனக்குக் கலியாணம். அதுக்கு முன்னம் ஒருக்காக் கேக்கவேணும்."

"உதென்ன பெரிய வேலை, நாளைக்கு வாரும்" என்றேன்.

மறுநாள் என் கணினி கமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. வயரைக் கழற்றிக் குத்தினேன், கணினியை அணைத்துப் போட்டேன், பிள்ளையாருக்கும் நேர்ந்தேன். கடைசியில் கமராவின் சின்னத் திரையிலேயே ஓட்டிப் பார்த்தேன். படம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. மாஸ்டரின் வாய் அசைந்தது. கேட்டதோ சினிமாப் பாட்டு.

அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட்டுப் போடாத கலியாண வீடியோவை யார் வாங்கினார்கள்? வேறு கருவி இல்லாத நான் மூலக் கசெற்றிலேயே பாட்டை ஏற்றியிருந்தேன். அதைச் சொன்னேனா? "அண்டைக்கு மைக் பழுது, பிள்ளை" என்றேன். தயாளினி கசெற்றை வாங்கிக்கொண்டு நேரே பஞ்சலிங்கம் அண்ணையிடம் போய்விட்டார்.

ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி. "தம்பி, உம்மடை கமராவை ஒருக்காக் கொண்டுவாரும். எடுத்த கமராவிலை போட்டால்தான் உது ஒழுங்கா ஓடும்."

ஏசுவார் என்று நினைத்துக்கொண்டுதான் கமராவையும் வயரையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். "உந்த வயரையோ குத்தினனீர்? உது போட்டோவுக்கெல்லே. கசெற்றுக்கு வேறை வயர்" என்றார், அவ்வளவுதான். பிறகு தயாளினியிடம், "இதை எங்கை வைச்சிருந்தனீங்கள், பிள்ளை?"

"சாமியறையிலை. அம்மா ஒவ்வொரு நாளும் திருநீறு சாத்துறவ."

இருபது வருடத் திருநீறு உள்ளே இறங்கியிருந்தது. அண்ணை கசெற்றைக் கழற்றி, தூசி தட்டி, நாடாவைப் புதுக் கூட்டுக்குள் மாற்றினார். சதுரங்கள் போயின. பாட்டு மட்டும் போகவில்லை.

வியாழன் பின்னேரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கமராவில் ஏதோ பொத்தானை அமத்தினார். பாட்டு நின்றது.

"தம்பி, சாப்பிட்டனீரோ? முதல் சாப்பிடும், பிறகு எடுக்கலாம்" என்றது ஒரு குரல். என்னைத்தான். பிறகு, மடியிலிருந்த குழந்தையிடம்: "தயா, அங்கை பார், மாமா படம் எடுக்கிறார்."

தயாளினி இரண்டாம் தரமும் போடச் சொன்னார். "அப்பா கொஞ்சம் மூக்காலை கதைக்கிறார், என்ன?" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கசெற்றில் ஒலிக்கு இரண்டு பாதை உண்டாம். பாட்டு ஏறியது இரண்டாவதில்; முதலாவதில் மாஸ்டர் பத்திரமாக இருந்திருக்கிறார்.

பாட்டு எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு, "பழைய கமராக்களின்ரை குணம், பிள்ளை" என்றார் அண்ணை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்வரிசையில் இருக்கும் தயாளினி இன்றைக்குத்தான் உண்மையைக் கேட்கிறார். கூட்டம் முடிய ஏசலாம், அம்மா.

இப்படி ஒரு மூளையை இனி எங்கே காண்போம்? இப்படி ஒரு மனத்தை எங்கே காண்போம்? அவருடைய மேசையில் இன்னும் முப்பத்தொரு கசெற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒரு வீட்டு ஆள் இருக்கிறார். அத்தனையையும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பேன் என்று அண்ணையின் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறேன்.

உவனால் முடியுமோ என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. முந்தநாள் வரை நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அண்ணையின் துணைவியார் சிவக்கொழுந்து அக்கா மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தைத் தந்தார். முப்பத்தெட்டாம் பக்கம் மடித்திருந்தது. ஒலிப்பாதையை மாற்றும் முறை அங்கே படத்தோடு போட்டிருந்தது. அது என் கமராவோடு வந்த புத்தகம். கமராப் பெட்டிக்குள், பொலித்தீன் உறை பிரிக்காமல், இருபது வருடம் என் வீட்டில்தான் கிடந்தது.