சாக்குக்காரன், அஞ்சாம் பாகம்

இல்லம்மா, நீ முன்னாடி போ. புத்தகத்துல கையெழுத்து வாங்க எனக்கு அவசரமில்ல. ஆமா, உன்னோட சேத்து நாலு பேர விட்டுட்டேன். கால் வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. லிஃப்ட் மெக்கானிக் நான், நாள் பூரா நின்னே பழக்கம்.

சிரிக்காத. இந்த வயசுல பேய்க்கதையான்னுதானே? கூட வேலை செய்யறவனுங்களும் அதத்தான் கேக்கறானுங்க. அஞ்சு பாகத்தையும் மொட்டை மாடி மோட்டார் ரூம்ல, சாப்பாட்டு நேரத்துல உக்காந்து படிச்சேன். அதுக்கு முன்னாடி மெஷினோட வர்ற கையேடு தவிர எதையும் தொட்டதில்ல. ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும் எனக்கு.

உனக்கும் சின்ன வயசுல சொல்லியிருப்பாங்கல்ல? பனிக்காலப் பண்டிகை வந்தா நல்ல பிள்ளைங்களுக்குப் பரிசு. அடம் புடிக்கறதுங்கள சாக்குக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிடுவான். கொம்பு, சங்கிலி, முதுகுல சாக்கு. பிள்ளைய மிரட்டறதுக்குச் சொல்ற கதை.

இத எழுதின இந்தம்மா அத அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க பாத்தியா. முதல் பாகத்துல ஏழு வயசுப் பொண்ணு பனியில நிக்குது. தட்ட உடைச்சிட்டாளேன்னு அப்பன் வெளிய தள்ளிப் பூட்டிட்டான். சாக்குக்காரன் வர்றான். சரி, தூக்கிட்டுப் போகப் போறான்னு நினைக்கறோம். அவன் என்னடான்னா சாக்க உதறி அந்தப் பொண்ணு மேல போத்திட்டு, பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்துக்கறான். அந்த எடத்துல புத்தகத்த மூடிட்டுக் கீழ இறங்கிட்டேன். ரெண்டு நாள் தொடல.

என்னது? அந்த அப்பன நம்ப முடியலயா? பெத்தவன் எப்படி உள்ள உக்காந்து ரேடியோ கேப்பான்னு கேக்கற.

கேப்பான்மா. தொறந்து விட்டுடலாம்னு ரெண்டு தடவ எழுந்திரிப்பான். இப்பத் தொறந்தா நாளைக்கு மதிக்க மாட்டாளேன்னு மறுபடி உக்காருவான். குடிச்சிருந்தாகூட சொல்லிக்க ஒரு சாக்கு இருந்திருக்கும். அன்னிக்குக் குடிக்கவும் இல்ல. வேலை செஞ்ச அசதி, நாற்காலியிலயே கண்ணசந்துட்டான். ஆமா, அது புத்தகத்துல இல்லதான். நானா சொல்றேன்.

அஞ்சாவது படிச்சிட்டல்ல? கடைசியில அந்த அப்பன் கிழவனாகி வந்து அவ வீட்டுக் கதவத் தட்டறான். அதோட முடிச்சிட்டாங்க. அவ தொறப்பான்னு நினைக்கறியா?

மாட்டாளா. ம். இருக்கலாம்.

வரிசை நகருது பாரு, அடுத்தது நீதான். ஒரு உதவி பண்ணு தாயி. என் புத்தகத்தையும் சேத்து நீட்டு. யார் பேருக்குன்னு கேட்டா, பேரு வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்னு சொல்லிடு. இந்தப் பக்கம் கை காட்டிடாத. நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி நிக்கறேன்.

அப்புறம், அவங்க பக்கத்த அழுத்திப் புடிக்கறப்ப அந்த இடது கையப் பாத்துப் பதறிடாத. ரெண்டு விரல் இருக்காது. பனியில வெறச்சுக் கறுத்துப் போச்சுன்னு டாக்டர் எடுத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டு ஓடினேன். வழி பூரா அப்பா, அப்பான்னு என் சட்டைய விடவே இல்ல அவ.