தோற்றவன் கையால் வாங்கிய கோப்பை

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் வியாசை பிரதர்ஸ் அணி நிர்வாகத் தலைவர் கிருஷ்ணப்பன் அவர்களே, துறைமுகக் கால்பந்துக் கோப்பைக் கமிட்டியின் செயலாளர் ஜெரால்ட் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், பீம்ராவ் அவர்களின் துணைவியார் மலர்க்கொடி அம்மையாரே, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் வியாசர்பாடித் தோழர்களே, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் ராயபுரத்து மக்களே! இரங்கல் கூட்டத்திலும் நாம் கேலரி பிரித்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. பழக்கம்.

என் பெயர் வெள்ளத்துரை. வண்ணாரப்பேட்டையில் பைப் மொத்த வியாபாரம். ராயபுரம் ஹார்பர் அணியின் ரசிகர் மன்றத் தலைவர். நம்மை விட்டுப் பிரிந்த பீம்ராவ் அவர்கள், வியாசை பிரதர்ஸ் ரசிகர் மன்றத் தலைவர், கேலரியில் மேளம் அடித்தவர், எண்ணூரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். போன வாரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாரடைப்பு. ஐம்பத்திமூன்று வயது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அவரைத் தங்கள் நண்பர் என்றார்கள். நான் நண்பன் இல்லை. எதிர் கேலரியில் உட்கார்ந்தவன். அதனால் அழுது பேச எனக்கு உரிமை கிடையாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஒரே ஒரு சண்டைதான். அது வருஷக்கணக்காக நடந்தது. துறைமுகக் கோப்பை செத்துவிட்டது என்பது என் கட்சி. சாகவில்லை, நாம்தான் போய்ப் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி.

என் கட்சியில் நியாயம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்காக துறைமுகத்தில் ஷிஃப்டு மாற்றிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு யார் வருகிறார்கள்? வருஷம் முழுக்க நடக்கும் லீக்கில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால் அணிக்கே ஆபத்து. கோப்பையில் தோற்றால் என்ன ஆபத்து? எங்கள் பக்கத்து ரூஹி, நன்றாக ஆட்டம் தெரிந்த பெண், என்னிடம் நேராகவே கேட்டாள்: "அங்கிள், கப்புல ஆடி ஸ்ட்ரைக்கர் காலு ஒடைஞ்சா, லீக்ல நீங்களா எறங்கி ஆடுவீங்க?" கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே, நூற்றைம்பது வருஷம் தாண்டிய கோப்பைக்குப் பெரிய அணிகள் பாதி ரிசர்வ் ஆட்களை இறக்குகின்றன, அங்கேயும் ரசிகர்கள் இதையேதான் புலம்புகிறார்கள். நம் கோப்பை நடக்கும் விம்கோ நகர் மைதானத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

போன காலிறுதியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேலரியில் திடீரென்று "கோல்" என்று ஒரே கூச்சல். மைதானத்தில் பந்து பக்கக் கோட்டைத் தாண்டி த்ரோவுக்குப் போயிருந்தது. எங்கள் கோல்கீப்பர் பதறிப்போய்த் திரும்பித் தன் வலையைப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், பாதிப்பேர் செல்போனில் ஐரோப்பா மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் முன்னால் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள், கைதட்டல் மட்டும் வேறு நாட்டுக்குப் போகிறது. இதைத்தான் செத்துப்போச்சு என்றேன். தவறா?

பீம்ராவ் அவர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. அவருக்கும் அடி விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவொற்றியூர் அணியோடு ஆட்டம். வியாசை பிரதர்ஸ் நிர்வாகம் வழக்கமான நீலச் சட்டை இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்ட இரண்டாம் அணியை இறக்கிவிட்டது. ரசிகர்களிடம் யாரும் சொல்லவில்லை. எதிர் அணி நீலத்தில் வந்தது. பீம்ராவ் மேளத்தைத் தூக்கிப் போட்டார் தோளில். நீலச் சட்டை பந்தைத் தொடும்போதெல்லாம் அடி அடியென்று அடித்தார். "அப்டித்தான் மாமு, வுடாத, வுடாத" என்று கத்தினார். நீலச் சட்டை கோல் போட்டது. வியாசர்பாடி கேலரி மொத்தமும் எழுந்து ஆடியது. அப்புறம்தான் பக்கத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நைனா, கோலு வாங்கினது நாமதான்."

சிரியுங்கள், தப்பில்லை. நாங்கள் அன்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் மறுநாள் நேராகக் கிருஷ்ணப்பன் அவர்களிடம் போனார். "எங்களுக்கே மொகம் தெரியாத பசங்கள எறக்கிவுட்டா, நா யாருக்கு மோளம் அட்ச்சிகினு கீறேன்?" என்று கேட்டார். கிருஷ்ணப்பன் அவர்கள் தலையாட்டுகிறார், நடந்தது உண்மைதான். முதல் அணியை இறக்கமுடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சரி என்று கேட்டுக்கொண்டு வந்தார் பீம்ராவ். அதோடு விட்டாரா? இரண்டாம் அணிப் பிள்ளைகள் காலையில் பயிற்சி எடுக்கும் இடத்துக்குப் போய் நின்றார். டிரெய்லர் எடுக்கப் போகிற வழியில் தினமும் போனார். ஒவ்வொருவன் பெயரும், எந்தக் காலால் உதைப்பான் என்பதும் மனப்பாடமாகும் வரை போனார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி மேளம் விழுந்தது. ஒரு பிள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டுக் கேலரியையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது போன வருஷத்து இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். துறைமுகக் கோப்பையை மந்திரியோ கமிட்டியோ கொடுப்பதில்லை. தோற்ற அணியின் ரசிகர் தலைவர், வென்ற அணியின் ரசிகர் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தோற்றவர்கள் பாதியில் ஓடிப்போகக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

போன வருஷம் எங்கள் அணி மூன்று கோல் வாங்கியது. எங்கள் பக்கம் எல்லாம் ரிசர்வ் பிள்ளைகள். இரண்டாவது கோலிலேயே எங்கள் கேலரி காலி. நானும் மெட்ரோ ஏறிவிட்டேன். ரிசர்வ் அணி தோற்றதற்கு யார் நின்று அழுவார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தண்டையார்பேட்டை தாண்டும்போது போன் வந்தது.

"இன்னா தொர, கப்பு குடுக்காம எங்க போய்க்கினு கீற?"

"கமிட்டி கொடுக்கட்டும் பீம்ராவ்" என்றேன்.

"கமிட்டியா ஆடிச்சி? நீ தோத்த. நீ வந்து குடு. நீ வர்ற வரிக்கும் நாங்க ஒக்காந்துனுதான் இருப்போம்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் போனால், வியாசர்பாடி கேலரி மொத்தமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு கேட்டில் நிற்கிறார். கோப்பை மேசை மேல் தனியாக இருக்கிறது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் வாங்கிக்கொண்டு சொன்னது இதுதான்: "தோத்தவனுக்கு வலிக்கலேன்னா ஜெயிச்சவனுக்கு இன்னா கீது? அடுத்த தபா பர்ஸ்ட் டீமோட வா, தொர." அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதை என் பக்கத்து ஆட்களுக்கு முன்னால் வைத்தே சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது மேடையில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்து இறுதி ஆட்டம். மறுபடியும் நாம் இரண்டு அணிகள்தான். சற்று முன் ஜெரால்ட் அவர்கள் ஒரு அறிவிப்புச் செய்தார். பீம்ராவ் அவர்களுக்கு அஞ்சலியாக இறுதி ஆட்டத்தை ரத்து செய்து, இரண்டு அணிகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கலாம் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். இரண்டு பக்கமும் தட்டினீர்கள். நானும் பாதி தட்டிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

கேட்கிறேன், இது யாருக்கு அஞ்சலி? புதன்கிழமை இரண்டு அணிகளுக்கும் லீக்கில் முக்கியமான ஆட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லையென்றால் இரண்டு நிர்வாகத்துக்கும் நிம்மதி. கமிட்டிக்கு மைதானத்துக்கு அலைகிற வேலை மிச்சம். கேட்கிறேன், கூட்டு வெற்றி என்றால் தோற்றது யார்? தோற்றவன் இல்லாமல் கோப்பையை யார் யாருக்குக் கொடுப்பது? ஒரு முறை ஆடாமல் பழகிவிட்டால் அடுத்த வருஷம் ஆடுவோமா? ஜெரால்ட் அவர்களே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கோப்பை சாகவில்லை என்று சண்டை போட்ட மனிதருக்கு, அந்தக் கோப்பையையே கூடச் சேர்த்து அனுப்பிவைப்பதா மரியாதை?

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுத்தார்கள். நானும் எடுக்கிறேன். எங்கள் நிர்வாகத்திடம் இன்று காலை பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் முதல் அணியின் பதினொரு பேரோடு வரும். ரூஹி முறைக்கிறாள், தெரிகிறது. வியாசை பிரதர்ஸ் யாரை இறக்கும் என்பது கிருஷ்ணப்பன் அவர்கள் முடிவு. ஆனால் ஆட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதை நானோ கமிட்டியோ சொல்லக்கூடாது. கேட்கவேண்டிய ஆள் முன்வரிசையில் இருக்கிறார்.

மலர்க்கொடி அம்மா. ஒரு இறுதி ஆட்டத்தையும் நீங்கள் தவறவிட்டதில்லை. உங்கள் குரல் கேட்டாலே எங்கள் கோல்கீப்பர் பந்தைக் கோட்டைவிடுவார். துக்கத்தில் இருக்கிற வீடு, கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். உங்களுக்கு மனசு வரவில்லையென்றால் இதை இங்கேயே விட்டுவிடுவோம், கமிட்டி சொன்னபடியே நடக்கட்டும். நாங்கள் ஆடலாமா?

தம்பி, அந்த மைக்கை அம்மாவிடம் கொடுங்கள். கொஞ்சம் கிட்டே பிடித்துப் பேசுங்கள் அம்மா.

"ஆடுங்கண்ணா. வந்து ஆடிட்டு, தோத்துட்டுப் போங்க."

கேட்டீர்களா ஜெரால்ட் அவர்களே? பீம்ராவ் அவர்களுக்காக எல்லோரும் எழுந்து நிற்போம்.