லேட்டஸ்ட் என்ற சீட்டு

என் வேலையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கல்யாண வீட்டில்கூடப் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருளை எழுதி முடித்ததும், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் வைப்போம். பழைய பதிப்புகளும் அங்கேயே கிடக்கும். எந்தப் பதிப்பின் மேல் 'லேட்டஸ்ட்' என்ற சீட்டு இருக்கிறதோ, அதுதான் கேட்பவர்களுக்குப் போகும். அந்தச் சீட்டை ஒட்டுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான்.

எங்கள் மென்பொருளை எழுதியவள் என் தங்கச்சி. நரம்பில் மருந்து ஏற்றும் பம்புக்கு, நோயாளியின் எடையைப் பார்த்து அளவு சொல்லும் கணக்கு அது. அப்பாவும் அம்மாவும் போனபின் அவளை வளர்த்தது நான். தலை பின்னிவிடுவதுகூட நான்தான். ஒரு பின்னல் மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். "என்னப் பாக்கிறவங்க எல்லாம் தலையச் சாய்ச்சுப் பாக்கிறாங்கண்ணா" என்பாள். பிறகு கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். தையல் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து மூன்று பேரும் தொழில் நடத்தினோம்.

ரத்தத்தில் வந்த நோய் அவளைக் கொண்டுபோயிற்று. கடைசிப் பதிப்பை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடிதான் முடித்தாள். நான் அதற்குச் சீட்டு ஒட்டியதைத் திரையில் காட்டினேன். பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவள் போய்ச் சில மாதத்தில் மாப்பிள்ளை ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். எடை மிகவும் குறைந்த சிசுக்களுக்கு மட்டும் அளவு பத்து மடங்கு ஏறியது. அன்றே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லி, குழந்தைகளுக்குப் பம்பை நிறுத்த வைத்தார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்து பிழையைத் திருத்தினார்.

"மச்சான், சீட்ட மாத்துங்க. நர்ஸுங்க பாவம், கையால கணக்குப் போட்டுக்கிட்டிருக்காங்க."

"அவ எழுதினதுல கை வைக்கணுமா மாப்பிள்ளை?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ இருந்திருந்தா நம்மள அடிச்சாவது மாத்தியிருப்பா."

உண்மைதான். மாற்றினேன். அவர் சரிபார்த்தார். திருத்தியாயிற்று, மறுபடி இறக்கிக்கொண்டு குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம் என்று எல்லோருக்கும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

நான் தனியாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேட்டஸ்ட் என்பதற்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அவள் பெயர் கீழே, பழையவற்றோடு. அவளை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போனது போலிருந்தது. ஒரே ஒரு வரி தட்டினேன். சீட்டு அவளிடமே திரும்பிற்று. மனசு லேசாகிவிட்டது.

ஆஸ்பத்திரிகள் இறக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. அவர்கள் எதை நம்பி இறக்குகிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

மூன்று குழந்தைகள். செய்தி வந்தவுடன், மாப்பிள்ளை எழுந்து வருவதற்குள், சீட்டை அவர் பதிப்புக்கு மாற்றி வைத்தேன். அவர் வந்து பார்த்தபோது எல்லாம் அவர் விட்டுப்போனபடியே இருந்தது. தன் திருத்தம்தான் பொய்த்துவிட்டது என்று நம்பினார். ஒரு குழந்தையின் தாய் எங்கள் மாடிப்படியில் வந்து நின்றாள். மாப்பிள்ளை அவள் காலில் விழுந்து, "என் தப்புதாம்மா" என்றார். நான் தோளைப் பிடித்துத் தூக்கி, "மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும் மாப்பிள்ளை" என்று ஆறுதல் சொன்னேன்.

அவரைக் கைது செய்தீர்கள். அவருடைய பதிப்பை நீக்கச் சொன்னீர்கள். நீக்கினேன். சீட்டு மறுபடி அவளுடையதற்கு வந்தது.

நேற்று சிறையில் அவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதி உடம்பாக நின்றார். "மச்சான், அவ அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினத நான் கெடுத்துட்டேன்" என்று தேம்பினார். அவர் அழுதால் அவள் தாங்கமாட்டாள். அதனால்தான் உங்களிடம் வந்தேன். குழந்தைகள் செத்தது என்னால். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

எல்லா ஊருக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருக்காது, எங்காவது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இப்போதுகூட அவள் பதிப்பை இறக்கிக்கொண்டிருக்கலாம், கடவுச்சொல்லைச் சொல் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தப்பாக நினைக்கவேண்டாம், அதை மட்டும் சொல்லமாட்டேன். நான் உள்ளே போனபின் அவள் பெயரைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? மற்றபடி, பிறந்ததிலிருந்து ஓர் உயிருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை.